வழிகாட்டி ஆசிரியர் எங்கே போனார்?

(குறுவள மையக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓய்வுபெற இரண்டு ஆண்டே உள்ளவர்களும் இங்கே இருக்கிறீர்கள். பணியில் சேர்ந்து இரண்டு மாதமே ஆனவர்களும் இருக்கிறீர்கள். கணிதப் பட்டதாரி ஆசிரியராக இருபதாண்டுகளை நெருங்கும் நான் இடையில் நிற்கிறேன். இவ்விரு தரப்புக்கும் இடையே நடக்க வேண்டிய கொடுக்கல் வாங்கலைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

இன்றைய இரண்டாண்டு பி.எட். படிப்பில் குறைந்தது 20 வாரங்கள் பள்ளிப் பயிற்சி உண்டு. அப்போது கடைசி பெஞ்சில் ஒரு வழிகாட்டி ஆசிரியர் அமர்ந்திருப்பார், பாடக்குறிப்பைத் திருத்துவார். பணி ஆணையோடு நாம் பள்ளிக்குள் நுழையும் நாளில் அவர் காணாமல் போகிறார். அதன்பின் பெரும்பாலும் பார்வையிட வரும் அலுவலர்தான் நம் வகுப்பில் அமர்கிறார். அவர் முன்னால் நமக்கு நன்றாக வரும் பாடத்தைத்தானே நடத்துவோம்? உதவி தேவைப்படுவதோ தடுமாறும் பாடத்துக்கு.

ஓர் எடுத்துக்காட்டு. அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருப்பார்கள். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிடுவார்கள். புதிதாக வரும் ஆசிரியருக்குப் பின்னம் தெரியும். இந்தப் பிழை வரும் என்பது தெரியாது. அனுபவசாலி ஒருவர், "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்று கேட்டுப் பாருங்கள்" என்பார். அந்த ஒரு கேள்வியில் பிள்ளைகள் தாமே விழித்துக்கொள்வார்கள். இத்தகைய அறிவுக்கு, பாடப்பொருள் சார்ந்த கற்பித்தல் அறிவு என்று 1986இல் பெயரிட்டார் அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன். அது பக்கத்து வகுப்பறையில் நிறையவே இருக்கிறது.

மூத்தவர்கள் கற்றுத்தர வேண்டியது பாடம் மட்டுமன்று. பணிப்பதிவேட்டில் என்னென்ன பதிவாகியிருக்க வேண்டும், உயர்கல்விக்கு ஏன் முன் அனுமதி பெற வேண்டும் என்பவற்றை யாரும் சொல்லாததால் பின்னாளில் அலைபவர்கள் உண்டு.

இளையவர்களிடமும் நாம் பெற வேண்டியது இருக்கிறது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றுமுதல் நம்மில் பலருக்குத் தூக்கம் இல்லை. இந்த வயதில் யாரிடம் போய்க் கேட்பது என்ற கூச்சம் வேறு. அத்தேர்வின் 150 வினாக்களில் 30 வினாக்கள் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் சார்ந்தவை. அதைத் தேறி வந்தவர் அடுத்த அறையிலேயே இருக்கிறார். எங்கள் பள்ளியில் இளைய ஆசிரியை ஒருவர் வாரம் இரு மாலைகளில் எங்கள் மூவருக்குப் பியாஜேயையும் வைகாட்ஸ்கியையும் விளக்குகிறார். "டீச்சர், நீங்க தினமும் கிளாஸ்ல செய்றதுதான் இது. பேருதான் புதுசு" என்பார். அந்தச் சொல் தந்த தெம்பை எந்த வழிகாட்டி நூலும் எனக்குத் தரவில்லை.

இது நிலைக்க, எங்களுக்குள் மூன்று ஒழுங்குகள் வைத்திருக்கிறோம். அழைக்காமல் யார் வகுப்புக்கும் போவதில்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்பதை அழைத்தவரே சொல்வார். அதை மட்டும் கவனிப்போம். பார்த்ததை அவரிடம் மட்டும் பேசுவோம். ஆசிரியர் அறைக்கோ தலைமையாசிரியரிடமோ கொண்டுபோவதில்லை. மூன்றாவது மீறப்பட்டால் முதலிரண்டும் நிற்காது.

பாடவேளை ஒதுக்குவது எளிதன்று என்பதை அறிவேன். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் வகுப்பை விட்டு வரவே முடியாது. அவர்களுக்கு இந்தக் குறுவள மையக் கூட்டமே இடம். தேநீர் இடைவேளையில் அருகிலுள்ள பள்ளி ஆசிரியரிடம், "இந்தப் பாடம் எனக்குச் சரியாக வரவில்லை, நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள்?" என்று கேட்டால் போதும்.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கால அட்டவணை போடும்போது, புதியவர் ஒருவரும் மூத்தவர் ஒருவரும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கும்படி வாரத்தில் ஒரு பாடவேளையாவது அமைத்துத் தாருங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.