பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் மறுபக்கமா?

சட்டத்திலும் சமூகவியலிலும் இன்று பட்டம் பெறும் இளைஞர்களே,

உங்கள் இரு துறைகளும் சந்திக்கும் ஒரு விஷயத்தை, கருக்கலைப்பு பற்றிய அமெரிக்க மக்களின் கருத்தை, பேச வந்திருக்கிறேன். கருக்கலைப்பு அரசியல் சட்டம் காக்கும் உரிமை என்று 1973-இல் ரோ எதிர் வேட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஜூன் 24 அன்று, டாப்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் அதை ரத்து செய்து, முடிவை மாநிலங்களிடம் விட்டது. உடனே கருத்துக்கணிப்பு நடத்தும் பியூ ஆய்வு மையம் மக்களிடம் கேட்டது. 57 சதவீதத்தினர் தீர்ப்பை ஏற்கவில்லை. 41 சதவீதத்தினர் ஏற்றனர்.

பெண்கள் எதிர்த்திருப்பார்கள், ஆண்கள் ஆதரித்திருப்பார்கள் என்றுதானே நினைக்கத் தோன்றுகிறது? 2024-இல் அதே மையம் எடுத்த கணிப்பைப் பாருங்கள். எல்லாச் சூழலிலும் அல்லது பெரும்பாலான சூழல்களில் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்க வேண்டும் என்றவர்கள் பெண்களில் 64 சதவீதம், ஆண்களில் 61. இடைவெளி மூன்றே புள்ளி! கட்சி என்று வந்தால்தான் பிளவு தெரிகிறது: ஜனநாயகக் கட்சிச் சார்பினரில் 85, குடியரசுக் கட்சிச் சார்பினரில் 41. மதமும் அப்படித்தான். எந்த மதத்தையும் சாராதவர்களில் 86 சதவீதம் ஆதரவு. வெள்ளையின இவாஞ்சலிக்கல் கிறித்தவர்களில் நான்கில் ஒருவர்தான். ஆனால், திருச்சபை அழுத்தமாக எதிர்த்தும், கத்தோலிக்கர்களில் 59 சதவீதத்தினர் அனுமதி வேண்டும் என்கிறார்கள்.

கணிப்பிலிருந்து வாக்குப்பெட்டிக்கு, கான்சஸ் மாநிலத்துக்கு வாருங்கள். 2020 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் டிரம்ப் எளிதாக வென்ற மாநிலம் அது. 2022 ஆகஸ்டில் அங்கே வாக்குச்சீட்டில் ஒரு கேள்வி. 'ஆம்' என்றால் மாநில அரசியல் சட்டம் தரும் கருக்கலைப்பு உரிமை போகும். 'இல்லை' என்றால் நிற்கும். சுமார் 59 சதவீதம் 'இல்லை'. டிரம்புக்கு வாக்களித்தவர்களில் ஒரு பகுதியினரும் சேராமல் இந்த எண்ணிக்கை வந்திருக்க வாய்ப்பு குறைவு. 2024-இல் புளோரிடாவில் கருக்கலைப்பு உரிமையைக் காக்கும் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு ஆதரவாக 57 சதவீத வாக்கு விழுந்தும் அது தோற்றது. அங்கே 60 சதவீதம் தேவை என்பது விதி. மக்கள் கருத்து ஒன்று, அதை எண்ணும் விதி வேறொன்று.

பட்டதாரிகளே, நாளை நீங்கள் கணிப்பு நடத்துவீர்கள், வழக்காடுவீர்கள், தீர்ப்பும் எழுதுவீர்கள். ஒரு சதவீதத்தைப் பார்த்ததும், கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது, யாரிடம் கேட்கப்பட்டது என்று பாருங்கள். ஒரு பெண் உங்கள் அலுவலகத்துக்கு வந்து உட்காரும்போது, அவருடைய மதத்தையோ கட்சியையோ வைத்து அவர் மனதைப் படித்துவிட்டதாக எண்ணாதீர்கள். அவரையே கேளுங்கள், அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். நீங்கள் பெற்ற பட்டத்துக்கு அதுவே மரியாதை.