எரிமலைப் பாறையும் கனிமமும்
(பட்டமளிப்பு விழா உரை)

விருதுநகர் மாவட்டத்துக் கரிசலை எரிமலை மண் என்று நம்புவோர் பலர். கரிசல் என்றதும் தக்காண எரிமலைக் குழம்பைச் சொல்லும் பள்ளிப் பாடமே அதற்குக் காரணம். அந்தக் குழம்பு ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மகாராஷ்டிரத்திலும் அதை ஒட்டிய நிலப்பரப்பிலும் பரவியது, தமிழகத்தை எட்டவில்லை. ஆலங்குளம், சாத்தூர், சிவகாசி வட்டாரக் கரிசலுக்கு அடியில் கிடப்பவை நைஸ், சார்னோக்கைட், படிகச் சுண்ணாம்புக்கல் ஆகியவை. மழை குறைந்த சமநிலத்தில் இத்தகைய பாறைகள் நெடுங்காலம் சிதைந்ததால் வந்த மண் அது. தென்னிந்தியாவின் பழைய எரிமலைப் பாறைகளைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே கோலாருக்கும் சித்ரதுர்காவுக்கும் போக வேண்டும்.

சித்ரதுர்கா அருகே மாரடிஹள்ளியில் உள்ள தலையணை லாவா ஒரு தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். கடலடியில் பீறிட்ட குழம்பு, நீர் பட்டதும் மேல்தோல் கண்ணாடியாக இறுகி, உள்ளே இளகிய நிலையில் உருண்டது. தோல் வெடித்த இடத்தில் அடுத்த உருண்டை பிதுங்கியது. ஒவ்வொரு உருண்டையின் மேற்புறமும் குவிந்திருக்கும். அடிப்புறம் கீழுள்ள இரண்டின் இடுக்கில் இறங்கி இருக்கும். அடுக்கு தலைகீழாக மடிந்துவிட்டதா என்பதை இந்த வடிவத்தைக் கொண்டே களத்தில் சொல்லிவிடலாம். 250 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட அந்தப் பாறை, அங்கே கடல் இருந்ததற்கும் சாட்சி.

கோலாரின் கரும்பாறைகளும் ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைக் குழம்பே. குழம்போடு தங்கம் கட்டியாக வரவில்லை. பாறைகள் புதைந்து சூடேறியபோது அவற்றிலிருந்து வெளியேறிய வெந்நீர், கந்தகத்தின் துணையோடு தங்கத்தைக் கரைத்துக்கொண்டு வெடிப்புகளின் வழியே ஏறியது. பாறையிலுள்ள இரும்பு அந்தக் கந்தகத்தைப் பறித்துக்கொண்டதும் தங்கம் கரைசலில் நிற்க முடியாமல் படிந்தது. இப்படி உண்டான குவார்ட்ஸ் நரம்புகளில் புகழ்பெற்றது சாம்பியன் ரீஃப். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே சுரங்கப் பணியைத் தொடங்கியது. வடஆற்காட்டிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்த அந்தச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் இறங்கி, ஏறத்தாழ 800 டன் தங்கம் தந்து, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது.

எரிமலை தரும் செல்வம் தங்கம் மட்டுமல்ல. ஆந்திரத்தில் ரயில்வே கோடூர் அருகே உள்ள மங்கம்பேட்டையில், எரிமலைச் சாம்பல் இறுகிய கரும்படிவங்களுக்கு நடுவே பேரைட் அடுக்கு உள்ளது. பேரியம் சல்ஃபேட்டான இந்தக் கனிமம் உலகிலேயே மிகப் பெரிய அளவில் ஒரே இடத்தில் கிடைக்கும் படிவங்களில் இது ஒன்று. அடியில் சாம்பல்நிற மணற்பொடி போன்ற பேரைட். அதன்மேல் சிறு குண்டுமணிகள் ஒட்டியது போன்ற லாப்பிலி பேரைட். கையில் எடுத்தால் அளவுக்குப் பொருந்தாத கனம்: தண்ணீரைவிட நாலரை மடங்கு எடை. எண்ணெய்க் கிணறு தோண்டுவோர் சேற்றுக் கலவையில் இதைச் சேர்ப்பது அந்தக் கனத்துக்காகவே.

சிவகாசிக்கும் இந்தக் கனிமத்துக்கும் உறவு உண்டு. பேரைட்டைக் கரியோடு சேர்த்துச் சூளையில் சுட்டு, பிறகு அமிலத்தில் வினைபுரியச் செய்தால் பேரியம் நைட்ரேட் கிடைக்கும். கம்பி மத்தாப்பு எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனையும் பச்சை வாணத்தின் நிறத்தையும் தந்தது அந்த உப்புதான். உடல்நலக் கேட்டைக் காரணம் காட்டி 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. படிவம் குறையவில்லை, ஒரு வட்டாரத் தொழிலில் அதற்கு இருந்த இடம் போயிற்று.

ஆலங்குளத்தின் வரலாறு வேறு. இங்குள்ள பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்தவை. அந்த வெப்பத்தில் நீர் பெரும்பாலும் வெளியேறிவிட்டது. உலோகத்தைச் சுமந்துவந்து படிய வைக்கும் வாய்ப்பும் அதோடு குறைந்தது. ஆனால் பழைய கடலின் சுண்ணாம்புச் சேறு அழியாமல் படிகமாக மாறியது. அதை நம்பியே இங்கு அரசு சிமென்ட் ஆலை அமைந்தது. நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் அந்தக் கல் நுரைக்கும். டையாப்சைடு மிகுந்த பட்டை நுரைக்காது. மக்னீசியமும் சிலிக்காவும் கூடிய அந்தப் பட்டைகளைக் கழித்துவிட்டுக் கல்லெடுப்பதே இங்குள்ள குவாரிக் கணக்கு.

ஆகவே ஒரு பாறையின் கனிம வாய்ப்பை அதன் பெயரோ வயதோ மட்டும் தீர்மானிப்பதில்லை. குழம்பு எங்கே கொட்டியது, எவ்வளவு ஆழம் புதைந்தது, நீர் எந்த வழியில் ஓடியது என்பவை முதற்கட்டக் கேள்விகள். நிலவியல் வரைபடம், மண் மாதிரி, துளையிடல், ஆய்வகப் பகுப்பாய்வு ஆகியவை அவற்றுக்கு விடை தேடும் வழிகள். அதற்குப் பின்னரே எடுக்கும் செலவு, சந்தை விலை, சட்டம், சுற்றுச்சூழல் ஆகிய கணக்குகள் வருகின்றன. கோலாரில் செலவும் பேரியத்தில் சட்டமும் கணக்கை மாற்றின. பட்டம் பெற்றுத் துறைக்குள் செல்வோர் எழுதும் ஒவ்வொரு ஆய்வறிக்கையிலும் இவ்விரு பகுதிகளும் தனித்தனியே இடம்பெற வேண்டும். பாறையின் வாய்ப்பைப் படிவத்தின் மதிப்பாக எழுதிவிடக் கூடாது.