நாலடி தொட்டியும் கூடவே வந்த டேங்க் கிளீனரும்

சின்ன மீன் தொட்டி பத்திப் போன எபிசோடுல பேசினதுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "பெரிய தொட்டி வேணும், கையில பத்தாயிரம்தான் இருக்கு, முடியுமா?" முடியும், ஆனா செகண்ட் ஹேண்ட்ல. சென்னைக்காரங்களுக்குக் கொளத்தூர் இருக்கு. தஞ்சாவூர்ல இருக்கிற நமக்கு ஓஎல்எக்ஸ், வாட்ஸ்அப் குரூப், வீடு மாறிப் போறவங்க, அவ்வளவுதான்.

நான் வாங்கினது கும்பகோணத்துல ஒரு வீட்டுல. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இரும்பு ஸ்டாண்டு, கேனிஸ்டர் ஃபில்டர், லைட்டு, ஹீட்டர், ஏர் பம்ப் எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். டாடா ஏஸ் வாடகை தனி.

"ஃபுல் செட்டப்"னு ஒருத்தர் சொன்னா, எனக்கு எது தேவையில்லைன்னுதான் முதல்ல பார்ப்பேன். ஹீட்டர் நம்ம ஊருக்கு வேண்டாம். மார்கழிக் குளிர்லகூட வீட்டுக்குள்ள இருக்கிற தொட்டித் தண்ணி பெரும்பாலான மீன்களுக்குப் போதுமான சூட்டுலதான் இருக்கும். டிஸ்கஸ் மாதிரி மீன் வளர்க்கிறவங்க மட்டும் யோசிக்கலாம். நமக்குப் பிரச்சினை சித்திரை, வைகாசிதான். தண்ணி சூடாக ஆக அதுல கரையிற ஆக்ஸிஜன் குறையும். அதனால ஹீட்டருக்குக் கேக்குற காசைக் குறைச்சுப் பேசி, அதை நல்ல ஏர் பம்புல போடுங்க.

கண்ணாடியைத் தண்ணியோட இருக்கும்போதே போய்ப் பாருங்க. நிரம்பின தொட்டி ஒழுகாம நிக்குதுன்னா பாதி பயம் போச்சு. மூலையில சிலிக்கான் வெளுத்திருக்கா, உரிஞ்சு வருதா, உள்ள காத்துக் குமிழி இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. மாடியில வருஷக்கணக்கா காய்ஞ்சு கிடந்த தொட்டின்னா, வாங்கின உடனே ஹால்ல வைக்காம, வாசல்ல சமதளமா வச்சு, அடியில நியூஸ் பேப்பர் விரிச்சு, ரெண்டு நாள் தண்ணி நிரப்பி விடுங்க. பேப்பர் நனைஞ்சா தெரிஞ்சுடும். ஒழுகுற இடத்துல மட்டும் பழைய சிலிக்கான் மேல புதுசைப் பூசினா சரியா ஒட்டாது. சுரண்டி எடுத்துட்டுத்தான் போடணும்.

எடை? இந்த அளவு தொட்டியில சுமார் 255 லிட்டர் தண்ணி. கண்ணாடி, மணல், ஸ்டாண்டு சேர்த்தா 350 கிலோ பக்கம் வரும். ஆறு சதுர அடியில ஆறு பேர் ராத்திரி பகலா நகராம நிக்கிற மாதிரி. மாடி வீடுன்னா சுவரோரமா, பீம் ஓடுற இடமாப் பார்த்து வைங்க. பழைய வீடுன்னா ஒரு இன்ஜினீயர்கிட்ட கேட்டுடுங்க.

இப்ப ஃபில்டருக்கு வரேன். அதுக்குள்ள இருக்கிற பழுப்பு நிற அழுக்கு ஸ்பாஞ்ச்தான் அந்த 6,500 ரூபாய்ல விலை உயர்ந்த பொருள்னு நான் சொல்வேன். மீன் கழிவுல இருந்து வர்ற அம்மோனியாவை நைட்ரைட்டாவும், அதை நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா அதுலதான் குடியிருக்கு. புதுசா வளர்க்கணும்னா நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பெரும்பாலான பேர் என்ன பண்றாங்க? விக்கிறவர் மரியாதைக்காகக் குழாய்த் தண்ணியில பளிச்னு கழுவிக் குடுப்பார், வாங்குறவர் சந்தோஷமா எடுத்துட்டு வருவார். குளோரின் பட்டு பாக்டீரியா பெரும்பாலும் காலி. பத்து நாள்ல மீன் செத்து மிதக்கும், தொட்டி ராசியில்லைன்னு பேர் வரும். நான் முன்னாடியே போன் பண்ணி, "அம்மா, எதையும் கழுவாதீங்க"ன்னு சொல்லிட்டேன். தொட்டித் தண்ணியையே வாளியில பிடிச்சு, ஸ்பாஞ்சை அதுல போட்டு, பேட்டரி ஏர் பம்ப் ஓடவிட்டுக் கொண்டு வந்தேன்.

அந்தப் பேட்டரி ஏர் பம்பை டெல்டாக்காரங்க வாங்கியே ஆகணும். 2018 நவம்பர் 16 கஜா புயல் ஞாபகம் இருக்கும். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் பல ஊர்கள்ல வாரக்கணக்கா கரண்ட் இல்ல. கரண்ட் போனா மூடியிருக்கிற கேனிஸ்டருக்குள்ள ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். பல மணி நேரம் கழிச்சுக் கரண்ட் வந்ததும் அது அப்படியே ஓடினா அழுகின தண்ணி மொத்தமும் தொட்டிக்குள்ள வரும். அதனால நீண்ட கரண்ட் கட்டுன்னா பிளக்கைப் பிடுங்கிட்டு, திறந்து அலசிட்டுத்தான் திரும்பப் போடணும். ஏர் பம்புல ஓடுற சாதா ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒண்ணு கூடவே இருந்தா இன்னும் நிம்மதி.

இவ்வளவு பெரிய தொட்டியை ஏன் இவ்வளவு மலிவாக் குடுக்குறாங்க? பல வீட்டுல காரணம் உள்ள இருக்கிற மீன்தான். அந்த வீட்டுப் பையன் வேலைக்குக் கோயம்புத்தூர் போயிட்டார். ரெண்டு இன்ச்ல வாங்கின டேங்க் கிளீனர் ஒரு அடிக்கு வளர்ந்திருந்துச்சு. அந்த அம்மா சொன்னாங்க: "தம்பி, இதையும் எடுத்துட்டுப் போயிடுப்பா. இல்லன்னா காவேரியில விட்டுடலாம்னு இருக்கேன். பாவம், உயிரு."

அவங்க இரக்கத்துலதான் சொன்னாங்க. ஆனா அந்த மீன் தென் அமெரிக்கா மீன். கரையில வளை தோண்டி அதுக்குள்ள முட்டை போடும். நம்ம வாய்க்கால் கரையெல்லாம் மண்ணு. கோடையில ஆறு வத்தினா செத்துடும்னு நினைக்காதீங்க. காத்தைச் சுவாசிக்கும், ஈர வளைக்குள்ள தாக்குப்பிடிக்கும். தமிழ்நாட்டுல பல ஏரி, குளங்கள்ல ஏற்கெனவே பரவியிருக்கு. முள்ளு துடுப்பு வலையைக் கிழிக்குது, விக்கவும் முடியலைன்னு மீன் பிடிக்கிறவங்க நொந்துக்குறாங்க. நம்ம அயிரை, கெளுத்தி இருக்கிற தண்ணியில இதைக் கொண்டுபோய் விடுறது எப்படிங்க புண்ணியம் ஆகும்?

அந்த அம்மாகிட்ட இவ்வளவு லெக்சர் குடுக்கல. "கரையைத் தோண்டிடும்மா, வயலுக்குப் போற வாய்க்காலு"ன்னேன். "அப்படியா? அப்ப வேணாம்பா, நீயே வச்சுக்க"ன்னுட்டாங்க. புது ஆத்துப் பாலத்துல நின்னு கவர்ல இருந்து மீனைக் கொட்டுற நம்ம ஆளுங்களுக்கும் இந்த ஒரு வரி போதும்னு நினைக்கிறேன்.

அதனால பேரம் பேசும்போதே கேளுங்க: உள்ள என்ன மீன் இருக்கு, எவ்வளவு பெருசு, நான் எடுக்கலைன்னா அது எங்க போகும்? உங்களால வளர்க்க முடியாதுன்னா, பணம் குடுக்குறதுக்கு முன்னாடியே ஒரு மீன் கடையில திருப்பி எடுத்துப்பாங்களான்னு விசாரிச்சுடுங்க. நான் விசாரிச்ச ரெண்டு கடையிலயும் வேண்டாம்னுட்டாங்க. சின்ன மீன் கூட்டம் விடலாம்னு போட்ட பிளான் தள்ளிப்போயிடுச்சு. இப்ப நாலடி தொட்டியில பாதி அதுக்குத்தான். இது பத்து வருஷத்துக்கு மேலயும் வாழுமாம். வாராவாரம் கால்வாசித் தண்ணி மாத்துறேன், சுரைக்காய்த் துண்டு போடுறேன், ராத்திரி லைட்டை அணைச்சதும் வந்து தின்னுட்டுப் போகுது.