நோயில் படுத்தவர் வீட்டுப் பிள்ளைகள்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மைக்கில் பேசிப் பழக்கம் கிடையாது. குழுக் கூட்டத்தில் தீர்மான நோட்டை வாசிப்பேன், அவ்வளவுதான். சேமிப்பு, வங்கிக் கடன், விற்பனை பற்றி எல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது வேற. ஒரு வீட்டில் அம்மாவோ அப்பாவோ பெரிய நோயில் படுத்துவிட்டால், அந்த வீட்டுப் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள் என்பது பற்றித்தான்.

நோயாளியைப் பார்க்க ஊரே வரும். சாத்துக்குடி வரும், ஹார்லிக்ஸ் வரும். வந்தவங்க கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, வாசற்படியில் நிக்கிற பிள்ளையைக் காட்டி, "ஐயோ, இதுங்க கதி என்ன ஆவுறது" என்று மூக்கைச் சிந்துவாங்க. அந்தப் பிள்ளைக்குக் காது இருக்கு. பாசத்தில்தான் அழறாங்க, நான் இல்லைன்னு சொல்லவில்லை. ஆனால் அவங்க போன பிறகு ராத்திரி முழுக்க அந்தப் பேச்சோடு படுத்திருப்பது பிள்ளைதான்.

எங்கள் குழுவில் கோரைப்பாய் நெய்கிற அக்கா ஒருத்தருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்பில் கட்டி என்று தெரிந்தது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் இருக்கும் அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் வைத்தியச் செலவு பெரும்பாலும் அதிலேயே போனது. முதலில் 21 நாளைக்கு ஒரு தடவை மருந்து ஏற்றினார்கள். அப்புறம் ஆபரேஷன். அப்புறம் கரண்ட் வைக்க அஞ்சு வாரம் அங்கேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் சென்னையில் சென்ட்ரிங் வேலை. அவர் வேலையை விட்டால் அடுப்பு எரியாது. கூட இருக்க அக்காவின் தங்கச்சி போனாங்க. வீட்டில் கண் சரியாகத் தெரியாத ஆயா, எட்டாவது படிக்கும் பொண்ணு, இரண்டாவது படிக்கும் பையன்.

முதலில் கவனித்தது டாக்டரும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் காலை உணவு சமைக்கிற எங்கள் குழு அக்காதான். அந்தத் திட்டத்தில் சமைப்பவர்கள் நம்மைப் போன்ற குழு உறுப்பினர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். புதன்கிழமை பொங்கல் போடும்போது அந்தப் பையன் பாதி சாப்பிட்டுவிட்டு மீதியை டப்பாவில் போட்டுப் பையில் மறைத்திருக்கிறான். "யாருக்குடா?" என்று கேட்டிருக்காங்க. அப்போது இரண்டு மருந்துக்கு நடுவில் அம்மா வீட்டில் இருந்த நேரம். "அம்மாவுக்கு" என்றானாம். அக்கா திட்டவில்லை. இன்னொரு கரண்டி போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாங்க. மூணு நாள் உட்கார்ந்த பிறகு அவனே சொன்னான். பந்து விளையாடும்போது ஒரு நாள் பந்து அம்மா நெஞ்சில் பட்டுவிட்டதாம். அதனால்தான் கட்டி வந்ததாம்.

ஏழு வயசுப் பிள்ளை அதை மனசுக்குள்ளே வைத்துக்கொண்டு நாலு மாசம் பள்ளிக்கூடம் வந்திருக்கிறான்.

பிள்ளைகளிடம் நோயைப் பற்றிச் சொல்லக்கூடாது, பயந்துவிடுவார்கள் என்று நாம் நினைக்கிறோம். சொல்லாவிட்டால் அவர்களாக ஒன்றை நினைத்துக்கொள்வார்கள். அது நிஜத்தை விட மோசமாக இருக்கும். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா அங்கிருந்த நர்சம்மாவிடம் இதைச் சொல்ல, அவங்க எப்படிப் பேசணும்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. வீட்டுக்கு வந்து பையனை மடியில் வெச்சுக்கிட்டு அக்காவே சொன்னாங்க: "இது புற்றுநோய்னு பேரு. பந்து பட்டு வராது, நீ எதுவும் பண்ணல. தொட்டா ஒட்டாது, என் டம்ளர்ல நீ தண்ணி குடிக்கலாம். மருந்தால முடி கொட்டிடுச்சு, திரும்ப வளரும்." அவன் கேட்டான், "நீ செத்துடுவியா?" அக்கா இல்லவே இல்லைன்னு பொய்ச் சத்தியம் பண்ணவில்லை. "சரியாகணும்னுதான் டாக்டருங்க மருந்து குடுக்கறாங்க. எது ஆனாலும் உன்கிட்ட மறைக்க மாட்டேன்" என்றாங்க. எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்குமா என்று தெரியவில்லை.

பொண்ணு கதை வேற மாதிரி. அது அழவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. காலை அஞ்சு மணிக்கு எழுந்து சோறு வடித்து, ஆயாவுக்குச் சொட்டு மருந்து போட்டு, தம்பியைக் கிளப்பி, பிறகு நேரம் இருந்தால் பள்ளிக்கூடம். நேரம் இல்லாத நாள்தான் அதிகம். ஊரில் எல்லோரும் "எவ்வளவு பொறுப்பான பொண்ணு" என்று மெச்சினாங்க. எனக்கு அந்தப் பாராட்டு பிடிக்கவில்லை. என் அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது நானும் அப்படித்தான் மெச்சப்பட்டேன். படிப்பை நிறுத்து என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. பத்தாவதோடு நின்றுபோனது.

அதனால் குழுக் கூட்டத்தில் நான் இதை எடுத்தேன். ஒரு பெரியம்மா கேட்டாங்க, "இது கடன் குடுக்கிற குழுவா, பிள்ளை வளர்க்கிற குழுவா?" நியாயமான கேள்விதான், எல்லோருக்கும் அவங்கவங்க வீட்டு வேலையே தலைக்கு மேல் கிடக்கு. பேசிப் பேசி, 12 பேரில் அக்கா போக மீதி 11 பேரும் முறை வைத்து ராத்திரிச் சாப்பாடு கொடுப்பது என்று தீர்மானம் போட்டோம். நம் வீட்டு உலையில் கூட இரண்டு டம்ளர் அரிசி. அக்காவின் கடன் தவணையையும் தள்ளி வைத்தோம். கேள்வி கேட்ட பெரியம்மாதான் முதல் நாள் குழம்புச் சட்டியோடு போனாங்க.

ஒரு வாரம் கழித்து அந்தப் பொண்ணு என்னிடம் சொன்னது: "சாப்பாடு நானே பண்ணிடுவேன் அக்கா. சாயந்திரம் விளக்கு வெக்கிற நேரத்துல யாராச்சும் வந்து சும்மா உக்காருங்க. அப்பதான் ஒரு மாதிரி இருக்கு." சாப்பாட்டையும் நிறுத்தவில்லை, ஆறு மணியில் இருந்து எட்டு மணி வரை ஒருத்தர் போய் உட்காரவும் ஆரம்பித்தோம். பூ கட்டிக்கிட்டு, கதை பேசிக்கிட்டு, சில நாள் டி.வி. பார்த்துக்கிட்டு. அது வீட்டுப் பாடம் எழுதும்.

இது நாங்கள் மட்டும் செய்ததில்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் வந்தது. அதில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரும் நம் குழுப் பெண்தான். புண்ணுக்குக் கட்டு மாற்ற, வலிக்குப் பார்க்க நர்ஸ் வருவதற்கு அவங்கதான் சொல்லி ஏற்பாடு செய்தாங்க. அதற்கு முன்னால் கட்டு மாற்றுவதும் அந்தப் பொண்ணு வேலையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் வகுப்பு டீச்சர் விஷயம் தெரிந்ததும் லேட்டானால் வெளியில் நிறுத்துவதை விட்டார். விட்டுப்போன கணக்கை மதிய இடைவேளையில் சொல்லிக் கொடுத்தார்.

பணத்துக்கு ஒரு வழி இருக்கிறது. பலருக்குத் தெரியாது, அதனால் மெதுவாகச் சொல்கிறேன். மிஷன் வாத்சல்யா என்ற திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. அனாதைப் பிள்ளைக்கு மட்டும் என்று நினைக்காதீங்க. அப்பா அம்மா உயிர்க்கொல்லி நோயில் இருந்தாலும் கேட்கலாம். கிராமத்தில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்கணும், நகரத்தில் 96,000. பிள்ளைக்கு 18 வயது முடிந்திருக்கக் கூடாது, விடாமல் பள்ளிக்கூடம் போகணும். மனு கொடுக்கும் இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, பள்ளிக்கூடத்தில் படிக்கும் சான்று, டாக்டர் சான்று, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்குங்க. அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லாத பிள்ளைக்கும், ஒருவர் இறந்து மற்றவர் நோயால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கும் 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். பிள்ளைக்கு ஏதாவது ஆபத்து, யாராவது வேலைக்கு இழுத்துப் போகிறார்கள், கல்யாணம் பேசுகிறார்கள் என்றால் 1098க்கு போன் போடலாம். காசு இல்லை, ராத்திரியும் எடுப்பாங்க.

மனு கொடுத்தால் நாளைக்கே பணம் வந்துவிடாது. எங்களுக்கு மாசக் கணக்கில் ஆனது. இரண்டு தடவை பேப்பர் சரியில்லை என்று திருப்பி விட்டார்கள். கலெக்டர் ஆபீஸ் படி ஏற இறங்க ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போனது. ஆனாலும் விடக்கூடாது.

அக்கா இப்போது வீட்டில் இருக்காங்க. மாத்திரை சாப்பிடுறாங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போறாங்க. ஒவ்வொரு தடவை போகும்போதும் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். பையன் மட்டும் திரும்பி வந்ததும் நேராகக் கேட்பான், "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று. அக்காவும் சொல்லிடுவாங்க. பொண்ணு இந்த வருஷம் பத்தாவது எழுதுது.

கூட்டமைப்பிடம் நான் கேட்பது ஒன்றுதான். கூட்டத்துக்கு யார் வரவில்லை என்று நோட்டில் எழுதுகிறோம் இல்லையா, நோயால் வராதவர் பெயருக்குப் பக்கத்தில் பிள்ளைகள் எத்தனை பேர், எந்த வகுப்பு, இந்த மாசம் அவர்களோடு போய் உட்காரப் போவது யார் என்றும் எழுதணும். ஒருத்தர் பெயர் போட்டு எழுதினால்தான் வேலை நடக்கும், எல்லோரும் பார்த்துக்கலாம் என்று விட்டால் யாரும் போக மாட்டோம்.

நிதி ஆதரவு மனுவின் ஜெராக்ஸ் இருபது கொண்டு வந்திருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்ப் பந்தல் பக்கத்தில் இருப்பேன், வேண்டியவங்க வந்து வாங்கிக்குங்க.