ஊரவையும் கோயிற்சுவரும்

(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)



குடமுழுக்கு நடைபெறும் திருக்கோயிலுக்கு வருவோர் புதுவண்ணம் பெற்ற விமானத்தையும் அதன்மேல் விளங்கும் கலசத்தையும் அண்ணாந்து நோக்கிக் கைகூப்புவர். கூப்பிய கையை இறக்கியபின், அதிட்டானத்துக் குமுதப் பட்டையிலும் கருவறைப் புறச்சுவரிலும் வரிவரியாய்க் கிடக்கும் எழுத்துக்களின் முன் சற்று நிற்போர் மிகச் சிலரே. அவ்வெழுத்துக்கள் கல்தச்சன் செய்த அணி வேலை அல்ல, மந்திரமும் அல்ல. அவை அவ்வூரின் ஆவணங்கள். நிலம் யாருடையது, ஏரிக்கு யார் பொறுப்பு, விளக்குக்கு நெய் யார் அளந்தார், வரி எவ்வளவு, தவறியவனுக்குத் தண்டம் என்ன என்னும் செய்திகளை அவ்வூரை ஆண்ட அவையே எழுதுவித்துக் கல்லில் ஏற்றியது.

ஊராட்சி மன்றங்களும் நகராட்சிகளும் தத்தம் ஊரின் வரலாற்றைத் தொகுத்துக் காத்தல் வேண்டும் என்னும் பேச்சு இக்காலத்தில் பரவலாக எழுந்துள்ளது. அது நல்ல பேச்சே. ஆயினும் இந்நாட்டிற்குப் புதிய பேச்சு அன்று. ஊர், சபை, நகரம் எனப் பெயர் பெற்ற பழைய மன்றங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதனைச் செய்து வைத்தன. அவை தேர்ந்த காப்பகம் கோயிற்சுவர். ஆகலின் கோயிலைப் புதுப்பிப்போர் ஊரின் ஆவணக் களஞ்சியத்திற்குள் உளியோடு நுழைகின்றனர் என்பதனை முதற்கண் உணர்தல் வேண்டும்.

உத்தரமேரூர்க் குடவோலை முறையைப் பள்ளிச் சிறாரும் அறிவர். அதனை ஈண்டு விரித்தல் வேண்டா. அக்கல்வெட்டுக்களில் பலர் நோக்காது விடும் இரண்டு செய்திகளே இங்குக் கருதத் தக்கன. முதற் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டாகிய 919இல் அவ்வூர்ச் சபை வாரியத் தேர்தலுக்கு விதி வகுத்தது. இரண்டாண்டு கழித்து 921இல் அவ்விதியைத் திருத்தியது. 30க்கு மேல் 60க்கு உட்பட்டோர் என்றிருந்த வயதெல்லை 35க்கு மேல் 70க்கு உட்பட்டோர் என மாறிற்று. திருத்தம் வந்தபின்னும் பழைய கல்வெட்டைச் சபையார் கொத்தி எறியவில்லை. இரண்டும் இன்றளவும் உள்ளன. முன்னர் எவ்வாறு எண்ணினோம், பின்னர் எதனை மாற்றினோம் என்பது பின்வருவோர்க்குத் தெரிதல் வேண்டும் என்று கருதியவர்போல் அவர்கள் நடந்துகொண்டனர்.

மற்றொன்று கணக்கு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் வாரியத்தில் அமரும் தகுதி இழந்தனர். கணக்கு எழுதுவோனுக்கும் விதி உண்டு: தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டுவந்து ஒப்புவித்தல் வேண்டும், அதனை முடித்துவைக்க வேறொரு கணக்கனை உள்ளே புகுத்துதல் ஆகாது. இவ்வளவையும் எழுதியவன் ஓர் எளிய மத்தியத்தன். காடாடிப்போத்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன் என்று இறுதியில் தன் பெயரை எழுதி அமைந்தான். ஊர்ப் பெரியோர் பலர் பெயர் மறைந்த பின்னும் அவ்வெழுத்தனின் பெயர் நிற்கிறது.

ஓர் ஆவணம் கல்லேறும் முன்னர்க் கடந்த படிகள் பல. அரசன் வாய்மொழியாகச் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுவோன் எழுதினான். ஓலைநாயகம் அதனை ஒப்பு நோக்கினான். பின்னர் வரிப்பொத்தகத்தில் அது ஏறியது. திருமுகம் ஊர்க்கு வந்தபோது நாட்டார் எதிர்கொண்டு சென்று தலைமேல் வைத்து வாங்கினர். பெண்யானையை நடத்தி நிலத்தின் எல்லையைச் சூழ்ந்து வந்தனர். இதனையே செப்பேடுகள் பிடி சூழ்தல் எனக் கூறும். எல்லைதோறும் கல்லும் கள்ளியும் நட்டனர். இத்துணைக்கும் பின்னரே ஓலையும் செப்பேடும் கல்வெட்டும் பிறந்தன. ஓலை அரிக்கப்படும், செப்பேடு உருக்கப்படும், கல் நிற்கும். அதனினும் சிறப்பாக, கல்லில் உள்ளதனை எவரும் வீட்டிற்கு எடுத்துச் சென்று திருத்த இயலாது. நாள்தோறும் வலம்வருவோர் அனைவரும் அதற்குக் காவலர் ஆயினர்.

கோயிற்சுவர் அனைவரையும் ஒருபடித்தாகப் பாடிற்று என்று கொள்ளுதல் கூடாது. நிலம் இல்லாதார்க்கு உத்தரமேரூர்ச் சபையில் இடம் இல்லை, பெண்டிர்க்கும் இல்லை. உழுதவன் பெயரினும் கொடுத்தவன் பெயரே சுவரில் மிகுதி. ஆயினும் தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் தன் கொடையோடு தமக்கையார் கொடையையும் தேவியர் கொடையையும் பிறர் கொடையையும் ஒருங்கே வெட்டுவித்தான். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும் அவர்கள் குடியிருந்த தெருவும் மனையும் அங்கே வரிசையாக உள்ளன. வேறு எந்த ஏட்டிலும் அப்பெண்டிரின் பெயர்கள் கிடையா. நொந்தா விளக்கு ஒன்றிற்கு 96 சாவா மூவாப் பேராடுகளைப் பெற்றுக்கொண்டு, நாள்தோறும் உழக்கு நெய் அளக்க இசைந்த மன்றாடிகளின் பெயர்கள் எத்தனை கோயில்களில் உள்ளன! அரசனும் ஆட்டிடையனும் ஒரே சுவரில் அடுத்தடுத்து நிற்பது இந்நாட்டுக் கோயில்களிலே காணத்தக்க காட்சி.

இனித் திருப்பணியின் பக்கம் வருதல் தகும். பழைய தளியைப் பிரித்துப் புதியது கட்டும் வேலை இக்காலத்தது மட்டும் அன்று. கண்டராதித்தர் தேவியாராகிய செம்பியன் மாதேவியார் தம் வாழ்நாளை அப்பணிக்கே ஈந்தவர். செங்கல்லால் இருந்த தளிகள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். அவ்வாறு திருக்கோடிகாவில் புதுக் கற்றளி எழுந்தபோது, பல்லவர் பாண்டியர் காலத்துப் பழஞ்சாசனங்கள் ஆங்காங்கே கற்களில் கிடந்தன. அவற்றைப் படியெடுத்துப் புதுச்சுவரில் மீண்டும் வெட்டுவித்தனர். வெட்டியதோடு அமையாது, இது பழங்கல்லின் படி என்று குறிப்பும் எழுதினர். தமக்கு எவ்வகையிலும் உறவில்லாத வேற்றுக்குல மன்னரின் கொடையை, தம் பொருள் செலவிட்டுத் தம் சுவரில் ஏற்றினார் அம்மாதேவியார். திருக்கழுக்குன்றத்திலும் இத்தகையதொரு செய்தி உண்டு. கந்தசிஷ்யன் கொடுத்து, வாதாபி கொண்ட நரசிங்கவர்மன் காத்த கொடையைச் சோழன் இராசகேசரி தன் 27ஆம் ஆட்சியாண்டில் மீண்டும் நிலைநிறுத்தினான். அரசு மாறினும் ஆவணம் மாறவில்லை.

ஏட்டை மட்டும் நம்பினால் நேர்வது யாது என்பதனைச் சைவ உலகம் நன்கு அறியும். தில்லையில் பூட்டிய அறையில் கிடந்த திருமுறை ஏடுகளைச் செல் அரித்ததும், எஞ்சியவற்றையே நம்பியாண்டார் நம்பிகள் தொகுத்ததும் மரபு வழியாக வரும் வரலாறு. அப்படி இழந்தனவற்றுள் ஒன்று திரும்பக் கிடைத்த செய்தியை அன்பர்கள் அனைவரும் அறிதல் வேண்டும். திருவாரூர் மாவட்டத்துத் திருவிடைவாய்க்குரிய திருஞானசம்பந்தர் பதிகம் எந்த ஏட்டிலும் இல்லை. பழைய தேவாரப் பதிப்புக்களிலும் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கல்வெட்டுத் துறையினர் அவ்வூர்க் கோயிலுக்குச் சென்று மைப்படி எடுத்தபோது, அப்பதிகம் கல்லில் வெட்டப்பட்டிருக்கக் கண்டனர். அதன்பின்னரே அது மூன்றாம் திருமுறையின் இறுதியில் சேர்த்துப் பதிப்பிக்கப்பட்டது. பாடல்பெற்ற தலங்களின் எண்ணிக்கையிலும் ஒன்று கூடிற்று. அப்படி எடுப்போர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், பத்தி மிகுந்த செல்வர் ஒருவர் அக்கல்லைப் பெயர்த்துப் புதுக்கல் வைத்திருந்தால் என் ஆகும்? அவர் புண்ணியம் செய்ததாகவே எண்ணியிருப்பார். ஊரும் அவரைப் போற்றியிருக்கும். சம்பந்தப் பெருமானின் பதிகம் ஒன்று உலகத்தினின்றும் நீங்கியிருக்கும். நீங்கியது என்பதும் எவர்க்கும் தெரிந்திராது.

இஃது வீண் அச்சம் அன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சோழநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் பல, பெரும் பொருட்செலவில் அடியோடு புதிதாகக் கட்டப்பெற்றன. கட்டியோரின் பத்தியில் குறை காண எவர்க்கும் உரிமை இல்லை. இடிந்து கிடந்த கோயில்களில் விளக்கு எரியச் செய்தவர்கள் அவர்கள். ஆயினும் பழங்கற்கள் பல அடித்தளத்திலும் படிக்கட்டிலும் மதகிலும் புதைந்து போயின. அக்கோயில்கள் சிலவற்றில் இன்று வழவழப்பான கருங்கற்சுவர் உண்டு. அதில் ஓர் எழுத்தும் இல்லை.

இக்காலத்துக் கேடு வேறு வகையது. அழுக்கு நீக்குவதாகக் கருதி மணலைக் காற்றின் விசையால் பீய்ச்சுவதால் எழுத்தின் விளிம்பு தேய்ந்து மழுங்குகிறது. அமிலம் கல்லின் மேல்தோலையே தின்றுவிடும். மின்கம்பி செல்லத் துளையிடுவோர் எழுத்தின் நடுவே துளையிடுகின்றனர். சுவர்மேல் பளபளக்கும் ஓடுகளைப் பதிப்பதும், கல்லிடுக்குகளில் சிமெண்டு பூசுவதும் வரிகளை மூடுகின்றன. இவற்றினும் வருந்தத்தக்கது, பழைய கொடையாளியின் எழுத்தின்மேல் புதிய கொடையாளியின் சலவைக்கல்லை அறைவது. குழல்விளக்கின்மேல் உபயதாரர் பெயரை எழுதி எழுதி வெளிச்சமே மறைந்தது என்று நகையாடுவர். அவ்விளக்கை மாற்றிவிடலாம், கல்வெட்டை மாற்றிவைக்க இயலாது.

அரசினர் வாளா இருந்தனர் என்று சொல்லுதற்கில்லை. 1886இல் ஹுல்சு என்னும் அறிஞர் கல்வெட்டாய்வாளராக அமர்த்தப்பெற்றார். 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுக்களின் முதற்றொகுதி வெளிவந்தது. உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களை ஆராய்ந்து உலகறியச் செய்தவர் வெங்கையா. 1961இல் தமிழகத்திற்கெனத் தனித் தொல்லியல் துறை தோன்றியது. 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காத்தற்பொருட்டு 75 கட்டளைகள் பிறப்பித்தது. ஆயினும் சாரம் கட்டிய நாளில் சுவரின்முன் நிற்பவர் நீதியரசரும் அல்லர், ஆய்வாளரும் அல்லர். தச்சரும், திருப்பணிக் குழுவினரும், பொருள் தந்த அன்பருமே.

ஊராட்சி மன்றமும் அங்கே நிற்றல் வேண்டும். 1980இல் கர்ணம் பதவி நீங்கியபின், ஊரின் பழங்கணக்குகளை நெஞ்சில் வைத்திருந்த ஒருவரும் ஊர்க்கு இல்லாமற் போயினர். 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 73ஆம் திருத்தமும், அதனையொட்டிய 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்கு உயிர் கொடுத்தன. 2022 முதல் ஆண்டிற்கு ஆறு நாட்கள் அச்சபை கூடுவதென வகுக்கப்பட்டது. அவற்றுள் நவம்பர் 1 உள்ளாட்சி நாள். ஊரிலுள்ள மரம், செடி, மீன், பறவை முதலியவற்றைப் பற்றி மக்கள் அறிந்தவற்றை உள்ளாட்சி மன்றந்தோறும் பதிவேடாக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் நெறி. அம்முறையிலே ஊர்க் கல்வெட்டுப் பதிவேடு ஒன்றும் தொடங்கினால் அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. எந்தச் சுவரில் எத்தனை வரி, எது சிதைந்தது, எது மூடப்பட்டது என்று எழுதி, நிழற்படம் ஒட்டி வைத்தலே முதற்பணி.

திருப்பணி தொடங்குமுன், பாலாலயம் அமைக்கும்போதே, கல்வெட்டுக்களுக்கு மைப்படி எடுப்பித்தல் வேண்டும். ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டி, எழுத்தின் பள்ளத்தில் தாள் பதிந்தபின் மையொற்றி எடுக்கும் வேலை அது. தேர்ந்தவர் கையால் ஒரு சுவருக்குச் சில நாட்களில் முடிவது. பிரிக்க வேண்டிய கற்களுக்கு எண்ணிட்டு, எந்தக் கல் எந்த இடத்தது என வரைபடத்தில் குறித்து, அவ்வண்ணமே திரும்பக் கோத்தல் வேண்டும். உடைந்து பயன்படாத எழுத்துக்கல்லையும் மதிற்புறத்தே எறியாது, உள்ளே நிழலில் நிறுத்தல் வேண்டும். மண்ணைத் தோண்டும்போதும் விழிப்பு வேண்டும். விழுப்புரத்தை அடுத்த எசாலத்தில் 1987இல் திருப்பணிக்கென நிலத்தை அகழ்ந்தபோது செப்புத் திருமேனிகளோடு முதலாம் இராசேந்திரனின் செப்பேடும் வெளிப்பட்டது. அவன் ஆசாரியராகிய சர்வசிவ பண்டிதர் எடுப்பித்த அக்கோயிலுக்கு அவ்வூரையே அரசன் கொடுத்த செய்தி அதனால் தெரிந்தது.

மைப்படியும் நிழற்படமும் மூன்று தொகுதி இருத்தல் நலம்: ஒன்று கோயில் அலுவலகத்தில், ஒன்று ஊராட்சி அலுவலகத்தில், ஒன்று தொல்லியல் துறையில். இக்குடமுழுக்கிற்குப் பொருள் ஈந்தோரின் பெயர்களைத் தனிக்கல்லில் பொறித்து மண்டபத்தின் வெற்றிடத்தில் நிறுத்தலாம். அக்கல்லில் பெயரோடு, எந்தப் பகுதி பழையது, எது புதிதாக மாற்றப்பெற்றது, பணி செய்த தபதியார் யார், கற்றச்சர் யாவர் என்பனவும் எழுதுவித்து, அதன் படியை அடுத்த கிராம சபையில் படித்துக் காட்டிப் பதிவேட்டில் ஏற்றிவிடலாம்.