பன்யா லூகாவின் பெர்ஹாதியா பள்ளிவாசல்



உதுமானியர் கட்டடக்கலை என்றதும் இஸ்தான்புல்லைப் பேசிவிட்டு எழுந்துபோவது நம் வழக்கம். நான் எடுத்துக்கொண்டது ஓர் எல்லைப்புற ஊரின் பள்ளிவாசல். பொஸ்னியாவில், வ்ர்பாஸ் ஆற்றங்கரை நகரமான பன்யா லூகாவில் 1579-இல் எழுந்த பெர்ஹாதியா. கட்டுவித்தவர் பொஸ்னியாவை ஆண்ட பெர்ஹாத் பாஷா சோகொலோவிச்.

பணம் வந்த வழியைப் பற்றி ஒரு கதை உண்டு. 1575-இல் ஹாப்ஸ்பர்க் எல்லைத் தளபதி ஹெர்பார்ட் ஃபொன் அவுவர்ஸ்பெர்க் போரில் மாண்டார், மகன் பிடிபட்டார். மகனை மீட்க அந்தக் குடும்பம் கொடுத்த 30,000 தங்கக்காசில் கட்டியது என்பார்கள். தொகை கூடக்குறைய இருக்கட்டும். மீட்புப் பணம் ஒருமுறை வந்து தீர்ந்துபோவது. பள்ளிவாசலை நிலைக்க வைத்தது பாஷா எழுதிவைத்த வக்ஃபு என்னும் அறக்கட்டளைதான். கடை வாடகையும் குளியல் கூடத்து வரும்படியும் விளக்குக்கு எண்ணெயாயின, இமாமுக்குச் சம்பளமாயின. ஓர் அறக்கட்டளையின் மேடையில் நின்று இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி.

அளவில் பெரிதல்ல. அகலம் 18 மீட்டர், நீளம் 14, குவிமாட உச்சி 18. மினாரா மட்டும் 43 மீட்டர் அளவுக்கு ஓங்கி நிற்கும். இத்தகைய ஊர்களில் சதுர மண்டபத்தின் மேல் ஒரே குவிமாடத்தைக் கவிழ்த்து வேலையை முடித்துவிடுவார்கள். இங்கே கட்டடக் கலைஞர் அத்தோடு நிற்கவில்லை. தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபின் பக்கம் ஓர் அரைக் குவிமாடத்தைச் சேர்த்து, இருபுறமும் இடத்தை விரித்தார். தலைநகரின் பெரும் பள்ளிவாசல்களில் கையாண்ட உத்தியைச் சிற்றளவில் செய்துகாட்டினார். உள்ளே நிற்பவருக்கு மண்டபம் அதன் அளவை மீறி விரிகிறது. உதுமானியரின் தலைமைக் கட்டடக் கலைஞர் சினானின் மாணவர் ஒருவருடைய வேலை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முன்தாழ்வாரத்தின் மூன்று சிறு குவிமாடங்கள் அந்த மரபின் வழக்கமான அங்கம்தான். என்னைக் கேட்டால், கெட்டிக்காரத்தனமெல்லாம் உள்ளேதான்.

1969-இன் நிலநடுக்கம் நகரை உலுக்கியது. பள்ளிவாசல் அதையும் தாண்டி நின்றது. பொஸ்னியப் போரின்போது, 1993 மே 7 அதிகாலையில், அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதே இரவில் நகரின் அர்னாவுதியா பள்ளிவாசலும் போயிற்று. போர்முனை அப்போது நகருக்குள் இல்லை; குண்டு தவறி விழுந்ததாகச் சொல்ல வழியே இல்லை. இடிந்த கற்களை அள்ளிக் குப்பைமேட்டில் கொட்டினார்கள். அடையாளமே இருக்கக்கூடாது என்பதுதான் நோக்கம்.

மீண்டும் கட்ட பொஸ்னியாவின் மனித உரிமை மன்றத்தின் தீர்ப்பு 1999-இல் வழிவிட்டது. ஆனால் 2001 மே 7-இல் அடிக்கல் நாட்ட வந்தவர்களைக் கும்பல் தாக்கியது, ஒருவர் உயிரிழந்தார். பின்னர் சராயேவோ கட்டடக்கலைப் பேராசிரியர்கள் குப்பைமேட்டுக் கற்களைத் தேடி மீட்டு, பழைய வரைபடங்களோடும் நிழற்படங்களோடும் ஒப்பிட்டு, இந்தத் துண்டு எந்தச் சுவரின் எந்த வரிசை என்று கண்டறிந்தார்கள். காணாமல் போனவற்றுக்கு மட்டும் புதுக்கல் செதுக்கினார்கள்.

இது நகல்தானே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய கல் தன் பழைய இடத்திலேயே மறுபடி சுமை தாங்குகிறது; அதை நகல் என்று எப்படிச் சொல்வது? 2016 மே 7-இல் பெர்ஹாதியா திறந்தது. அர்னாவுதியா 2024 வரை காத்திருந்தது.