பினாங்குப் பயணம்

நாற்பது வயதைக் கடந்த பிறகே நாம் பினாங்கைக் கண்டோம். தோட்டப் பள்ளி ஆசிரியருக்கு ஊர் சுற்ற ஏது நேரம்? எழுபது வயதான அம்மாவும் உடன் வந்தார். பட்டர்வொர்த்தில் பெரி ஏறி, ஜார்ஜ்டவுனில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலைத் தரிசித்தோம். கடைத்தெருவில் அம்மாவுக்கு நாட்டமில்லை.

திரும்பும்போது, 1985-இல் திறக்கப்பட்ட பாலத்தில் பேருந்து ஓடியது.

"அதுதான் ஜெரஜாக்கா?" என்றார் அம்மா.

"ஆமாம்மா. கப்பலில் வந்த தொழிலாளரை, நோய் பரவாதிருக்க அங்கே தங்க வைத்தார்கள்," என்று பாடம் ஒப்பித்தோம்.

"தெரியும்டா. உங்க தாத்தா அங்கதான் கிடந்தாரு. கூட வந்த தம்பி அங்கேயே போயிட்டாரு."

இத்தனை ஆண்டுகள் வகுப்பில் அத்தீவைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. பாலம் முடியும்வரை அம்மா சன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை.